அந்த அணிலுக்கு அங்கே என்ன வேலை?

2014 ஆகஸ்டில் வாஷிங்டனில் போக்கிமான் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. தென்கொரியாவின் சே ஜுன் பார்க் தன் அணியில் ஒரு வெள்ளை அணிலைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். பாச்சிரிசு என்று பெயர். நீலக் கோடு, சுருண்ட வால், கன்னத்தில் மஞ்சள் பொட்டு. கதைப் பகுதியை மட்டும் விளையாடும் சிறுவர்கள்கூடப் பிடித்த சில நாளில் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடுகிற ஜீவன் அது. ஆட்டத்தில் ஒவ்வொரு உயிரியின் பலத்தையும் ஆறு அடிப்படை எண்கள் சொல்கின்றன. பாச்சிரிசுவின் ஆறையும் கூட்டினால் 405. அதே மேடையில் பலரும் நம்பியிருந்த கார்ச்சோம்ப் என்ற டிராகனுக்கு 600. அணிலோடு வந்த பார்க்தான் அந்த ஆண்டு உலக சாம்பியன்.

அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் அணியின் மற்ற ஐவரையும் வரிசையாகப் பார்த்தால், ஏதோ ஒரு பிரியத்தில் அணிலை ஏற்றிக்கொண்டு வந்தவர் அல்ல, கணக்குப் பார்த்து வந்தவர் என்று புரியும். அந்தக் கணக்கைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம். போக்கிமானே தெரியாதவர்களும் தொடர்ந்து வரலாம். உள்ளே இருப்பது நிகழ்தகவும் ஆட்டக் கோட்பாடும், கொஞ்சம் பரிணாம உயிரியலும்.

முதலில் ஆட்டம். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம்பாய் கருவிக்காக வெளிவந்தபோது அதில் 151 உயிரிகள் இருந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேல். உலகப் போட்டியில் ஒவ்வொருவரும் ஆறு உயிரிகளோடு வர வேண்டும். இருவரும் எதிராளியின் ஆறையும் பார்த்த பிறகு, தத்தம் ஆறிலிருந்து நான்கை ரகசியமாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேர் களத்தில், இரண்டு பேர் பின்னால். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் தங்கள் உத்தரவை எதிராளி அறியாமல் கொடுக்க, இரண்டும் சேர்ந்தாற்போல் நடக்கும். சதுரங்கத்தில் எதிராளியின் காயைப் பார்த்துவிட்டு நாம் நகர்த்தலாம். இங்கே அந்த வசதி இல்லை.

151 உயிரிகளிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுக்கவே ஏறத்தாழ 1,489 கோடி வழிகள். ஆயிரத்திலிருந்து என்றால் சுமார் 1,370 லட்சம் கோடி. ஒவ்வொன்றுக்கும் எந்த நான்கு தாக்குதல்களைக் கற்றுத்தருவது, கையில் என்ன பொருள் கொடுப்பது என்பது இந்தக் கணக்கில் வரவேயில்லை. எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது எந்தக் கணினிக்கும் முடியாத வேலை. ஆனாலும் மனிதர்கள் நல்ல அணிகளைக் கட்டிவிடுகிறார்கள். எப்படி?

பெருக்கல் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். ஒவ்வொரு உயிரியும் 18 வகைகளில் ஒன்றையோ இரண்டையோ சேர்ந்தது. நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரைக் குடிக்கும், நீர் நெருப்பை அணைக்கும். இந்த முக்கோணத்தை ஆட்டம் முதல் நாளிலேயே குழந்தைக்குக் கற்றுத்தந்துவிடுகிறது. முழுப் பட்டியலில் 324 கட்டங்கள். தாக்குபவரின் வகைக்கும் தாங்குபவரின் வகைக்கும் தக்கபடி சேதம் 2 ஆலோ 1 ஆலோ அரையாலோ பெருக்கப்படும். எட்டே எட்டு கட்டங்களில் மட்டும் பூஜ்யம்: நிலத்தை மின்சாரம் தொடாது, பறப்பதை நில அதிர்ச்சி தொடாது, இப்படி. இரண்டு வகை உள்ள உயிரிக்கு இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். நெருப்பும் பறத்தலும் சேர்ந்த சாரிசார்டின் மேல் பாறை விழுந்தால் 2×2, நான்கு மடங்கு அடி. அதே சாரிசார்டை நில அதிர்ச்சி ஒன்றும் செய்யாது. நெருப்புக்கு நிலம் ஆகாது, இரண்டு மடங்கு. பறத்தலுக்கோ பூஜ்யம். பூஜ்யத்தோடு எதைப் பெருக்கினால் என்ன?

இந்தப் பட்டியல் சமநிலையோடு பிறந்ததல்ல. 1996 பதிப்பில் மனோசக்தி வகையை அடக்க ஆளே கிடையாது. அதற்கு எதிரி என்று சொல்லப்பட்ட பேய் வகைத் தாக்குதல்கள் அதன்மேல் வேலை செய்யவேயில்லை, பூச்சி வகைத் தாக்குதல்களோ சொத்தை. 1999இல் இருள், எஃகு என்று இரண்டு வகைகளைப் புதிதாகக் கொண்டுவந்து அதை அடக்கினார்கள். பிறகு டிராகன்களின் காலம். 2013இல் தேவதை வகை வந்து அவற்றின் கொட்டத்தையும் அடக்கியது. டிராகனின் மூச்சு தேவதைமேல் பட்டால் பூஜ்யம். ஒரு காட்டில் ஒரே இனம் பெருகிவிட்டது என்று வேறு விலங்கைக் கொண்டுவந்து விடுவதைப் போன்ற வேலைதான் இது. நிஜக் காடுகளில் அப்படிச் செய்தவர்கள் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கோ, தவறினால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளும் வசதி இருந்தது.

இப்போது அணிலுக்கு வருவோம். பார்க்கின் அணியில் கார்ச்சோம்ப், கயரடோஸ், டாலன்ஃப்ளேம், கார்டெவ்வா, கோத்திடெல், இவற்றோடு பாச்சிரிசு. கயரடோஸ் நீரும் பறத்தலும் சேர்ந்த பாம்பு டிராகன். பலசாலி, ஆனால் மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு வலி. டாலன்ஃப்ளேம் நெருப்புப் பருந்து, அதற்கும் மின்சாரம் இரண்டு மடங்கு. எதிராளி இந்த அணியைப் பார்த்ததும் மின்சாரத்தைத்தான் எடுப்பான். பாச்சிரிசுவின் பிறவிக் குணமோ மின்சாரத்தைக் குடித்துத் தன் உயிரைக் கூட்டிக்கொள்வது. கூடவே 'என்னைப் பார்' என்ற உத்தி அதற்குத் தெரியும். அந்தச் சுற்றில் எதிரிகள் கூட்டாளியைக் குறிவைத்து விடும் அடியெல்லாம் அணிலின் பக்கம் திரும்பும். கயரடோஸை நோக்கி வந்த மின்னல் அணிலின் வயிற்றுக்குள் போகும்.

அணிலின் வலு மிகக் குறைவு, அதனால் அடிக்க முடியாதே என்றால், அதற்கும் வழி வைத்திருந்தார். 'சூப்பர் ஃபாங்' என்ற கடி அடிப்பவரின் வலுவைப் பார்ப்பதில்லை. எதிரியிடம் மிச்சமிருக்கும் உயிரில் சரிபாதியை எடுத்துவிடும். 600 புள்ளி டிராகன் கடித்தாலும் பாதி, 405 புள்ளி அணில் கடித்தாலும் பாதி. இன்னொரு உத்தி பட்டால் எதிரிக்குக் கட்டாயம் வாதம் வந்து வேகம் சரியும். பயிற்சியை முழுக்க முழுக்கத் தாங்கும் சக்தியில் கொட்டியிருந்தார். தாக்கு வலு என்ற பலவீனமான எண்ணைத் தொடாத வேலைகளை மட்டுமே அணிலுக்குக் கொடுத்தார் என்பதுதான் விஷயம். அடியை இழுத்துக்கொள்ளும் வேலைக்கு அன்று வேறு பலர் அமூங்கஸ் என்ற காளானை வைத்திருந்தார்கள். அடியை இழுக்கக் காளான் தூவும் தூளுக்குப் புல் வகை எதிரிகள் மயங்குவதில்லை. மின்சாரத்தையும் காளான் குடிக்காது. இந்த ஐவரோடு நிற்பதற்கு 464 புள்ளி காளானைவிட 405 புள்ளி அணில் பொருத்தம். வேறு ஐவரோடு என்றால் காளான்.

கிரிக்கெட்டில் பதினொரு தொடக்க ஆட்டக்காரர்களைச் சேர்த்தால் அணி ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போக்கிமான் ஆட வரும் ஒவ்வொருவரும் முதலில் செய்வது அதைத்தான்: கூட்டுத்தொகை பெரிதாக உள்ள ஆறைப் பொறுக்குவது.

அடுத்தது வேகம். எல்லா எண்களிலும் விசித்திரமானது இதுதான். தாக்கு வலு ஒரு புள்ளி கூடினால் சேதம் சற்றே கூடும். வேகம் ஒரு புள்ளி கூடினால் பெரும்பாலும் ஒன்றுமே ஆகாது, சில இடங்களில் எல்லாமே தலைகீழாகும். கார்ச்சோம்பின் அடிப்படை வேகம் 102. சாரிசார்டுக்கு 100. போட்டிகளில் எல்லா உயிரிகளும் 50ஆம் நிலையில் வைத்துத்தான் கணக்கிடப்படும். முழுப் பயிற்சியும், வேகத்தை 10 சதவீதம் உயர்த்தும் சுபாவமும் கொடுத்தால் கார்ச்சோம்புக்கு 169, சாரிசார்டுக்கு 167. இரண்டே புள்ளி. ஆனால் முதல் அடி எப்போதும் கார்ச்சோம்புக்கு. வித்தியாசம் இருபது புள்ளியாக இருந்தாலும் அதே பலன்தான், கூடுதலாக எதுவும் கிடைக்காது.

கார்ச்சோம்புக்கு வேகச் சுபாவத்துக்குப் பதில் வலுச் சுபாவம் கொடுத்தால்? தாக்கு வலு 182இலிருந்து 200 ஆகும். வேகம் 169இலிருந்து 154க்கு இறங்கும். இப்போது முழு வேகத்தில் ஓடும் சாரிசார்ட் அதை முந்தும். 18 புள்ளி வலு பெரிதா, 15 புள்ளி வேகம் பெரிதா என்று கேட்டால் விடை கார்ச்சோம்பிடம் இல்லை. 155க்கும் 169க்கும் நடுவே வேகம் கொண்ட எதிரிகள் எத்தனை பேர் இந்த மாதம் களத்தில் திரிகிறார்கள் என்பதில் இருக்கிறது. யாரும் இல்லையென்றால் அந்த 15 புள்ளியும் வீண். கூட்டம் கூட்டமாக இருந்தால் உயிர்நாடி.

இதையே கவிழ்த்துப் போடும் வித்தையும் ஆட்டத்தில் உண்டு. 'ட்ரிக் ரூம்' என்ற உத்தியைப் போட்டால் ஐந்து சுற்றுகளுக்கு மந்தமானவர்கள் முந்திக்கொள்வார்கள். டார்க்கோல் என்ற நிலக்கரி ஆமையின் அடிப்படை வேகம் 20. அதை வேண்டுமென்றே இன்னும் மந்தமாக வளர்த்து 22 என்ற இறுதி எண்ணில் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். வேகம் நல்லதா கெட்டதா என்பதுகூட அணியைப் பொறுத்ததாகிவிடுகிறது.

பயிற்சிப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கணிதம் நிஜமாகவே ருசிக்கும் இடம் இது. ஸ்கார்லெட், வயலெட் பதிப்புகளில் ஓர் உயிரிக்கு மொத்தம் 510 பயிற்சிப் புள்ளிகள், ஒரே எண்ணில் 252க்கு மேல் போட முடியாது. சோம்பேறிக் கணக்கு எளிது: இரண்டு எண்களில் 252, 252 என்று கொட்டிவிடுவது. பலருக்கு அது போதும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் ஆட்டம் ஒரு பகடை உருட்டுகிறது. முழுச் சேதத்தில் 85 முதல் 100 சதவீதம் வரை, ஒவ்வொரு சதவீதமாக, மொத்தம் 16 முகங்கள்.

ஓர் எதிரியின் அடி அதிகபட்சம் 100 சேதம் தரும் என்று வைத்துக்கொள்வோம். நம் உயிரிக்கு 92 உயிர்ப்புள்ளி. 16 முகங்களில் 92 முதல் 100 வரை ஒன்பது முகங்கள் நம்மைக் கொல்லும். சாகும் வாய்ப்பு 56.25 சதவீதம். உயிரை 96 ஆக்கினால் ஐந்து முகங்கள், 31.25 சதவீதம். 101 ஆக்கினால் பூஜ்யம். 50ஆம் நிலையில் முதல் 4 பயிற்சிப் புள்ளிக்கு ஓர் உயிர்ப்புள்ளி, அதற்குமேல் 8க்கு ஒன்று. ஒன்பது உயிர்ப்புள்ளிக்கு 4+64, ஆக 68 பயிற்சிப் புள்ளி செலவு. பாதிக்கு மேல் இருந்த மரண வாய்ப்பு 68 புள்ளியில் துடைத்தெறியப்பட்டது. அதற்கு மேல் போடும் அடுத்த 68 இந்த அடியைப் பொறுத்தவரை சல்லிக்காசு பெறாது. வேறெங்காவது அது இன்னொரு வாசலைத் தாண்ட உதவலாம்.

தேர்ந்த ஆட்டக்காரர்களின் பயிற்சிப் பட்டியலில் 164, 92, 28 என்று ஒட்டாத எண்கள் வருவது இதனால்தான். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு குறிப்பிட்ட எதிரி, ஒரு குறிப்பிட்ட அடி, ஒரு வாசல் இருக்கும். வயதில் சின்னவர்கள் இதைச் சேதக் கணிப்பானில் தட்டித் தட்டி மணிக்கணக்கில் செய்கிறார்கள். அதே பிள்ளைகளிடம் நிகழ்தகவுப் பாடம் எடுத்தால் கொட்டாவி விடுவார்கள் என்பது வேறு கதை.

சராசரி மட்டும் பார்த்தால் ஏமாறும் இடமும் உண்டு. 'ஃபயர் பிளாஸ்ட்' வலு 110, படும் வாய்ப்பு 85 சதவீதம். 'ஃப்ளேம்த்ரோவர்' வலு 90, கட்டாயம் படும். பெருக்கினால் 93.5க்கு 90, முதலாவதுதான் மேல். ஆனால் ஓர் ஆட்டத்தில் அதை நான்கு முறை விட வேண்டி வந்தால் நான்கும் படும் வாய்ப்பு 52 சதவீதம்தான். அந்தக் கூடுதல் 20 வலு, ஃப்ளேம்த்ரோவரால் கொல்ல முடியாத யாரையாவது கொல்கிறதா? ஆமென்றால் இடர் எடுக்கலாம். இல்லையென்றால் எதற்கு?

இதுவரை பார்த்ததெல்லாம் அணியின் உடல். எதிராளியும் யோசிக்கிறான் என்பதை இன்னும் சேர்க்கவில்லை.

எளிமைக்காக ஒருவருக்கு ஒருவர் ஆடும் முறையில் ஒரு நிலையை எடுப்போம். என் பக்கம் சாரிசார்ட். எதிரே புல் வகை வீனசார், அதன் பின்னால் காத்திருப்பது நீர் வகை பிளாஸ்டாய்ஸ். நான் நெருப்பை விட்டால் வீனசார் சாம்பல். அது அவனுக்கும் தெரியும், ஆகவே வீனசாரைப் பின்னுக்கு இழுத்து பிளாஸ்டாய்ஸை நிறுத்தலாம். அப்போது என் நெருப்பு நீரில் விழும். அதை நான் ஊகித்து மின்சாரக் குத்து விட்டால் பிளாஸ்டாய்ஸுக்கு வலிக்கும். ஆனால் வீனசார் நகராமல் நின்றிருந்தால் குத்து வீண். பலன்களுக்கு எண் கொடுப்போம். நெருப்பு விட்டு வீனசார் நின்றால் எனக்கு 100, பிளாஸ்டாய்ஸ் வந்தால் 20. மின்சாரம் விட்டு வீனசார் நின்றால் 20, பிளாஸ்டாய்ஸ் வந்தால் 60.

மேலோட்டமாகப் பார்த்தால் நெருப்புதான் பெரிய பலன், அதைத்தான் அதிகம் விட வேண்டும் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. நான் எப்போதும் நெருப்பு விடுகிறவன் என்று தெரிந்தால் அவன் எப்போதும் மாற்றுவான், எனக்கு 20தான். எப்போதும் மின்சாரம் என்றால் அவன் நகரவே மாட்டான், அதற்கும் 20. அவன் நின்றாலும் மாற்றினாலும் எனக்கு ஒரே பலன் வரும்படி கலந்து ஆட வேண்டும். நெருப்பை p பங்கு விட்டால், அவன் நிற்கும்போது என் பலன் 100p + 20(1−p), மாற்றும்போது 20p + 60(1−p). இரண்டையும் சமமாக்கினால் p = 1/3. மூன்றில் ஒரு முறைதான் நெருப்பு, இரண்டு முறை மின்சாரம்! சராசரிப் பலன் சுமார் 47. நெருப்பு எவ்வளவுக்குப் பயங்கரமோ அவ்வளவுக்கு அவன் ஓடுவான். ஓடுபவனைப் பிடிக்கும் அடிதான் எனக்கு அதிகம் தேவை. நெருப்பின் வேலையில் பெரும்பங்கு, விடப்படாமலே பயமுறுத்துவது.

இப்படிக் கலந்து ஆடுவதற்கு எப்போதும் ஒரு சிறந்த விகிதம் உண்டு என்று, ஒருவர் லாபம் மற்றவர் நட்டமாகும் இருவர் ஆட்டங்களுக்கு 1928இலேயே நிறுவியவர் ஜான் வான் நாய்மன். ஜான் நாஷ் 1950இல் அதைப் பலர் ஆடும் ஆட்டங்களுக்கும் விரித்தார். களத்தில் யாரும் p கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்வதில்லை, அதற்கு நேரமுமில்லை. ஆனால் அணி கட்டும்போது இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு நேரடிப் பயன் இருக்கிறது. சாரிசார்டுக்கு மின்சாரக் குத்து தெரியாவிட்டால் கலப்பதற்கே ஒன்றும் இல்லை. அவன் மாற்றிக்கொண்டே இருப்பான், நான் 20இல் தேங்குவேன். மின்சாரக் குத்துக்கு நான்கு தாக்குதல்களில் ஓர் இடம் ஒதுக்குவது வீணல்ல. 2023 முதல் உலகப் போட்டிகளில் எதிராளியின் தாக்குதல்கள், கைப்பொருள், பிறவிக் குணம் எல்லாவற்றையும் தாளில் முன்கூட்டியே பார்க்கலாம். மறைவாக எஞ்சியிருப்பது பயிற்சிப் புள்ளிகள் போன்ற சிலவும் மனதுமே. ரகசிய ஆயுதம் வைத்து ஒருமுறை அதிர்ச்சி கொடுக்கும் அணிகளுக்கு அதோடு மவுசு குறைந்தது.

போட்டி தொடங்கும் முன்பே இந்த ஊக விளையாட்டு ஆரம்பித்துவிடுகிறது. ஆறில் முன்னால் நிற்கும் இருவர், பின்னால் நிற்கும் இருவர் என்று தேர்ந்தெடுக்க 90 வழிகள். எதிராளிக்கும் 90. ஆக, முதல் உத்தரவு கொடுப்பதற்கு முன்பே 8,100 வகைத் தொடக்கங்கள்.

இனி அணிக்கு வெளியே போவோம். போக்கிமான் வெளிவந்த அதே 1996ஆம் ஆண்டு மார்ச்சில் 'நேச்சர்' இதழில் பாரி சினெர்வோ, கர்டிஸ் லைவ்லி இருவரும் ஒரு பல்லியைப் பற்றி எழுதினார்கள். கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் வாழும் சிறு பல்லி. ஆண்களில் மூன்று ரகம், தொண்டை நிறத்தால் அடையாளம் காணலாம். ஆரஞ்சுத் தொண்டைக்காரன் முரடன், பெரிய எல்லையை வளைத்துப் பல பெண்களை வைத்துக்கொள்வான். நீலத் தொண்டைக்காரன் சிறிய எல்லையில் தன் துணையைக் கண்கொத்திப் பாம்பாகக் காப்பவன். மஞ்சள் தொண்டைக்காரன் பெண் வேடம் போட்டு நுழையும் திருடன். முரடன் காவலனை வெல்கிறான். திருடன், எல்லையெல்லாம் காக்க முடியாத முரடனை ஏய்க்கிறான். காவலனோ திருடனை அடையாளம் கண்டு விரட்டிவிடுகிறான். 1990 முதல் 1995 வரை கவனித்தபோது ஒரு ரகம் பெருகுவதும், அதை வெல்லும் அடுத்த ரகம் பெருகுவதுமாகச் சக்கரம் சுற்றியது. எது சிறந்த பல்லி என்று கேட்டால், இந்த ஆண்டு பக்கத்தில் யார் அதிகம் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆட்டக்காரர்கள் 'மெட்டா' என்று சொல்வது இதைத்தான். இன்சினரோர் என்ற நெருப்புப் புலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் இரட்டையர் போட்டிகளில், அனுமதி இருந்த போதெல்லாம், மிக அதிகம் தென்படும் உயிரிகளில் ஒன்று. களமிறங்கியதுமே எதிரிகள் இருவரின் தாக்கு வலுவையும் மூன்றில் இரண்டாகக் குறைக்கும். வந்த முதல் சுற்றில் ஒருவரை அதிரவைத்து அசையவிடாமல் செய்யும். அது எங்கும் இருப்பதாலேயே வேறு சில உயிரிகளின் மதிப்பு உயர்ந்தது. வலு குறைக்கப்பட்டால் கோபத்தில் வலு கூடும் பிறவிக் குணம் உள்ளவை, அந்த அதிர்ச்சி அடி பாதிக்காத பேய் வகைகள், இப்படி. இன்சினரோர் நாளை தடைசெய்யப்பட்டால் இவற்றின் எண்கள் எதுவும் மாறாது. மதிப்பு சரியும்.

பல்லிக்கும் ஆட்டக்காரருக்கும் வேறுபாடு உண்டு. பல்லி அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்க வேண்டும். போக்கிமான் ஷோடவுன் போன்ற இலவச ஒப்புருக் களங்களில் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான போர்கள் நடக்கின்றன, எந்த உயிரியை எத்தனை சதவீதம் பேர் பயன்படுத்தினார்கள் என்ற பட்டியல் மாதந்தோறும் வெளியாகிறது. சனிக்கிழமை ஒரு பெரிய போட்டியில் வென்ற அணி திங்களன்று எல்லோர் கையிலும் இருக்கும். செவ்வாயன்று அதை வெல்லும் அணி வரும். போட்டிக்குத் தயாராகிறவரின் உண்மையான கேள்வி, இப்போது எது வெல்கிறது என்பதல்ல. நான் போய் உட்காரும் நாளில் எதிரே இருப்பவர்கள் இந்தச் சக்கரத்தில் எந்த இடத்தில் இருப்பார்கள் என்பது. ஒரு படி முன்னால் போகலாம். இரண்டு படி போனால், வராத எதிரிகளுக்காகத் தயாரான அணியோடு தனியாக நிற்க வேண்டி வரும்.

இவ்வளவு பகடையும் ஊகமும் இருக்கும்போது திறமைக்கு இடமுண்டா என்று சந்தேகம் வரலாம். ரே ரிஸோ என்ற அமெரிக்கர் 2010, 2011, 2012 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக சாம்பியன். பகடை மட்டும் இதைச் செய்யாது. போட்டிகளில் மூன்றுக்கு இரண்டு என்ற முறை இருப்பதும் திறமைக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது. ஒற்றை ஆட்டத்தில் 60 சதவீதம் வெல்லக்கூடியவர் மூன்றுக்கு இரண்டில் 64.8 சதவீதம் வெல்வார். கொஞ்சம்தான், ஆனால் ஒரு நாளில் எட்டொன்பது சுற்றுகள் நடக்கும்போது அது சேரும்.

ஆனால் தன் அணி உண்மையில் 60 சதவீத அணியா, 50 சதவீத அணியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருபது ஆட்டம் ஆடிப் பன்னிரண்டு வென்றால் 60 சதவீதம் என்று மகிழ்ந்துவிடுகிறோம். வெறும் நாணயம் சுண்டுகிற 50 சதவீத அணிகூட இருபதில் பன்னிரண்டோ அதற்கு மேலோ வெல்ல ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நூறு ஆட்டம் ஆடினாலும் விடையைச் சுற்றிப் பத்து சதவீதம் மேலும் கீழும் மூடுபனி இருக்கும். ஐந்து சதவீதமாகச் சுருக்க நானூறு ஆட்டங்கள் வேண்டும். ஓர் ஆட்டம் 15 நிமிடம் என்றால் 100 மணி நேரம். அத்தனையும் முடிவதற்குள் சக்கரம் சுற்றி, எதிரிகள் மாறியிருப்பார்கள். அளந்த அணி வேறு, ஆடப்போகும் களம் வேறு.

அதனால் தேர்ந்தவர்கள் வெற்றி தோல்வியைவிட வேறொன்றைக் குறித்து வைக்கிறார்கள்: ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆறில் எந்த நான்கை எடுத்தோம் என்று. இதற்கு நானூறு ஆட்டம் வேண்டாம். முப்பது ஆட்டத்தில் ஒருமுறைகூட அழைக்கப்படாத ஓர் உயிரி இருந்தால் அதன் இடம் காலி என்றுதான் முதலில் தோன்றும், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கையை வைப்பதற்கு முன் மறுபக்கப் பட்டியலையும் பார்க்க வேண்டும். எதிராளிகள் தங்கள் ஆறில் யாரை வெளியே விட்டு வந்தார்கள்? உட்கார்ந்தே இருந்த அந்த ஆறாவதைப் பார்த்துப் பயந்து அவர்கள் தங்கள் சிறந்த ஆளை அழைக்காமல் விட்டிருக்கலாம். அதை நீக்கிவிட்டு வேறொன்றைப் போட்டு இன்னும் பத்து ஆட்டம் ஆடினால், இதுவரை எதிரே வராத முகங்கள் வரத் தொடங்குகின்றனவா என்று தெரிந்துவிடும்.